மூன்றாவது மாதிரி: ஜியார்டியா தொற்றும் ஹோமியோபதி உருண்டையும் – வடசென்னையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கொருக்குப்பேட்டைக்கும் தண்டையார்பேட்டைக்கும் நடுவே ஒரு தெரு. ஒரே காம்பவுண்டுக்குள் ஆறு குடித்தனம், இரண்டு பொதுக் கழிவறை, வாசலில் ஒரு அடிபம்பு, அதை ஒட்டித் தரைக்கடியில் ஒரு சம்ப், அதாவது தண்ணீர்த் தொட்டி. குழந்தைக்கு நான்கு வயது இரண்டு மாதம். தம்பிக்கு ஒன்றேகால் வயது. அப்பா துறைமுகத்துக்கு லோடு லாரி ஓட்டுகிறார், வாரத்தில் மூன்று நாள் வீட்டில் இருப்பதில்லை. அம்மா ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறார். காலை எட்டிலிருந்து இரவு ஏழு வரை இரண்டு பிள்ளைகளும் அப்பாவைப் பெற்ற ஆயாவின் பொறுப்பில்.

நவம்பர் இரண்டாம் வாரம் பெய்த மழையில் தெருவில் மூன்று நாள் தண்ணீர் நின்றது. அது வடிந்து ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துச் சிறுமிக்கு வயிற்றுப்போக்கு தொடங்கியது. ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி உடம்புக்குள் போய் அறிகுறி தெரிய பொதுவாக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். இந்தக் கணக்கை வீட்டில் யாரும் போடவில்லை. அவர்கள் போட்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. இந்தக் குறிப்பில் வயிற்றுப்போக்கு தொடங்கிய நாளே முதல் நாள்.

முதல் ஐந்து வாரம்

ஒரு நாளைக்கு நான்கைந்து முறை போனது. தண்ணீராக இல்லை, கூழ் போல, வெளிறிய நிறத்தில், எண்ணெய்ப் பசையோடு இருந்தது. தண்ணீர் ஊற்றினாலும் பேசினில் ஒட்டிக்கொள்ளும், மிதக்கும். நாற்றம் அழுகிய முட்டை போல. இரத்தம் இல்லை, காய்ச்சல் இல்லை. வயிறு உப்பி, சாப்பிட்டதும் ஏப்பமாக வந்தது.

ஆயா ஒன்பது நாள் ஓமத் தண்ணீரும் ஜவ்வரிசிக் கஞ்சியும் கொடுத்துப் பார்த்தார். தூக்கத்தில் பிள்ளை பல்லை நறநறவென்று கடித்ததால் “வயித்துல பூச்சிதான்” என்று முடிவு செய்தார். ஆகஸ்டில் அங்கன்வாடியில் பூச்சி மாத்திரை போட்டாயிற்றே என்று அம்மா சொல்லிப் பார்த்தார். அங்கன்வாடியிலும் பள்ளியிலும் தரும் ஆல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒற்றை வேளை மாத்திரை உருண்டைப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்குமானது. ஒற்றைச் செல் உயிரியான ஜியார்டியாவை அந்த ஒரு வேளை அசைக்காது. “பூச்சி மருந்து கொடுத்தாச்சு” என்ற நிம்மதியும், “பூச்சிதான்” என்ற முடிவும் ஒரே சொல்லில் குழம்பிக் கிடந்தன.

பத்தாம் நாள் தெருமுனையில் இருந்த ஹோமியோபதி மருத்துவரிடம் போனார்கள். அவர் முறையாகப் படித்துப் பதிவு செய்தவர். சினா 30 என்ற மருந்தை வேளைக்கு நான்கு உருண்டையாக நாளுக்கு மூன்று வேளை தந்தார். மலப் பரிசோதனைக்கும் சீட்டு எழுதினார். கூடவே, “முதல்ல கொஞ்சம் கூடும், அப்புறம் அடங்கும்” என்றும் சொன்னார். பின்னால் வந்த சிக்கல் பெரும்பாலும் இந்தக் கடைசி வாக்கியத்திலிருந்து வந்ததுதான்.

பதின்மூன்றாம் நாள் பரிசோதனை நடந்தது. காலை ஆறரை மணிக்கு எடுத்த மாதிரி, பிளாஸ்டிக் டப்பாவில் பையோடு தொங்கி, பதினொன்றரை மணிக்கு ஆய்வகம் போய்ச் சேர்ந்தது. முடிவு: ஒட்டுண்ணி எதுவும் காணப்படவில்லை. இளகிய மலத்தில் இருக்கும் ஜியார்டியாவின் நீந்தும் வடிவம் வெளியே வந்து அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் சிதைந்துவிடும். கெட்டியான உறை போர்த்த வடிவம் தாக்குப்பிடிக்கும் என்றாலும், அது தினமும் மலத்தில் வெளியேறுவதில்லை. ஆக, அந்தத் தாளில் இருந்த ‘இல்லை’ என்ற சொல்லுக்கு எடை மிகக் குறைவு. வீட்டில் அதை முழு ‘இல்லை’யாகவே எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த மூன்றரை வாரம் சினா 30, பிறகு சினா 200, பிறகு போடோஃபில்லம் என்ற இன்னொரு ஹோமியோபதி மருந்து. நடுவில் இரண்டு முறை, நான்கு நாளும் ஆறு நாளும், மலம் இறுகியது. மருந்து கேட்கிறது என்றார்கள். மறுபடி இளகியபோது ‘முதல்ல கூடும்’ என்ற வாக்கியம் நினைவுக்கு வந்தது. ஜியார்டியா அலையலையாகக் கூடிக் குறையும் தன்மை கொண்டது. மருந்தே கொடுக்காவிட்டாலும் இப்படித்தான் நடந்திருக்கும். குறைந்தால் மருந்தின் வேலை, கூடினாலும் மருந்தின் வேலை என்று ஆனபிறகு, எந்த அறிகுறியாலும் அந்த வீட்டை எச்சரிக்க முடியாமல் போயிற்று.

பத்தியமும் சேர்ந்துகொண்டது. முட்டை, மீன், எண்ணெய், பருப்பு எல்லாம் நிறுத்தப்பட்டு, ஜவ்வரிசிக் கஞ்சி, ரஸ்க், குளுக்கோஸ் தண்ணீர், காலையும் மாலையும் பால் மட்டும். ஜவ்வரிசி ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்துதான், புரதம் இல்லையென்றே சொல்லலாம். பிள்ளை இளைத்ததில் தொற்றுக்கு ஒரு பங்கு, இந்தப் பத்தியத்துக்கு ஒரு பங்கு.

எடைக் குறிப்பேடு

முப்பத்தெட்டாம் நாள் அங்கன்வாடியில் எடை பார்த்தார்கள். அக்டோபரில் 14.6 கிலோ இருந்த பிள்ளை 13.1 கிலோ. பத்தில் ஒரு பங்குக்கு மேல் போயிருந்தது. வளரும் வயதில் எடை நின்றாலே கேள்வி கேட்க வேண்டும். இங்கே கீழே இறங்கியிருந்தது. அங்கன்வாடிப் பணியாளர் இரண்டு எண்களையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி அம்மாவின் கையில் கொடுத்து, மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொன்னார். அம்மா ஒரு நாள் சம்பளத்தை விட்டு வந்ததற்குக் காரணம் அந்தத் தாள்தான்.

முப்பத்தொன்பதாம் நாள் பரிசோதனையில் கண்டவை: வயிறு உப்பல், ஆனால் அழுத்தினால் வலி இல்லை. கண் குழி விழவில்லை. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே படிந்தது. சிறுநீர் வழக்கம்போல். ஆசனவாயைச் சுற்றிச் சிவப்பு. ஹீமோகுளோபின் 10.4, இந்த வயதில் 11-க்குக் கீழே போனால் இரத்தசோகை. காலையில் ஒட்டு நாடா வைத்துப் பார்த்ததில் கீரிப்பூச்சி முட்டை இல்லை.

ஐந்து வாரத்துக்கு மேல் நீடித்தது, இரத்தம் இல்லை, காய்ச்சல் இல்லை, எண்ணெய்ப் பசை, நாற்றமுள்ள ஏப்பம், எடை இழப்பு. இவை சேர்ந்தால் ஜியார்டியாவைத்தான் முதலில் தேட வேண்டும். அமீபா சீதபேதியில் இரத்தமும் சளியும் அடிவயிற்று வலியும் முன்னால் நிற்கும்.

எடுத்த முடிவுகள்

பரிசோதனை இல்லாமலே மருந்து தொடங்கலாமா என்ற கேள்வி வந்தது. பிள்ளைக்கு நீரிழப்பு இல்லை, ஆபத்து அறிகுறி இல்லை. ஏற்கெனவே ஒரு ‘இல்லை’ முடிவைக் கையில் வைத்திருக்கும் குடும்பம், கண்ணால் காணாத கிருமிக்குக் கசப்பு மருந்தை முழுக்கக் கொடுக்குமா என்பதும் சந்தேகம். ஆகவே ஒரு நாள் விட்டு ஒரு நாள் மூன்று மாதிரி, ஒவ்வொன்றும் போன அரை மணிக்குள் ஆய்வகத்தில் இருக்க வேண்டும் என்று முடிவானது. வீட்டில் எடுத்துக்கொண்டு ஓடுவதற்குப் பதில், பிள்ளைக்கு இட்லி கொடுத்து நிலையத்துக்கே அழைத்துவந்து, அங்கேயே போகவைத்தார்கள். சாப்பிட்ட இருபது நிமிடத்தில் போகும் வழக்கம் பிள்ளைக்கு இருந்ததால் இது நடந்தது.

துணைச் சிகிச்சை அன்றைக்கே தொடங்கியது.

உப்பு சர்க்கரைக் கரைசல். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் முழுக்கக் கரைக்க வேண்டும். அதுவரை ஆயா பொட்டலத்திலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து டம்ளர் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தார். அப்படிச் செய்தால் ஒரு வேளை உப்பு கூடும், ஒரு வேளை நீர்த்துப்போகும். உலக சுகாதார நிறுவனத்தின் கரைசல் லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியமும் 75 மில்லிமோல் குளுக்கோஸும் என்று சமமாக வைக்கப்பட்டிருப்பதற்குக் காரணம் உண்டு: குடல் சுவரில் இவை இரண்டும் சேர்ந்தே உள்ளே போகின்றன, தண்ணீர் அவற்றின் பின்னால் போகிறது. வெறும் குளுக்கோஸ் தண்ணீரில் அந்தச் சோடியம் இல்லை. ஒவ்வொரு முறை போன பிறகும் 100 முதல் 200 மில்லி, ஸ்பூனாலோ சிறு மடக்காகவோ. 24 மணி நேரத்துக்குப் பிறகு மீதியைக் கொட்டிவிட வேண்டும்.

துத்தநாகம் 20 மில்லிகிராம், பதினான்கு நாள். போக்கு நின்றாலும் நிறுத்தக் கூடாது.

சாப்பாடு. பத்தியம் உடைக்கப்பட்டது. குழைந்த சோற்றில் பருப்பும் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயும், இட்லி, தயிர்சாதம், வாழைப்பழம், முள் எடுத்த சங்கரா மீன், ஒரு நாள் விட்டு ஒரு நாள் முட்டை. வழக்கமான வேளைகளோடு தினமும் ஒரு வேளை கூடுதல். எண்ணெய்தான் ஆயாவுக்குப் பெரிய தடையாக இருந்தது. “வயித்தால போற பிள்ளைக்கு எண்ணெயா டாக்டரம்மா?” என்று மூன்று முறை கேட்டார். சின்னக் குழந்தை ஒரு பிடிச் சோற்றுக்கு மேல் சாப்பிடாது, அந்தப் பிடிக்குள்தான் பலத்தை வைக்க வேண்டும் என்று சொன்னபோது ஒப்புக்கொண்டார்.

உருண்டை பற்றிய பேச்சு

இந்த நிகழ்வில் மிகவும் யோசித்து எடுத்த முடிவு இதுதான். ஹோமியோபதி உருண்டையை நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தச் சொல்லியிருந்தால் ஆயா மறுநாள் வந்திருக்க மாட்டார், பிள்ளையும் வந்திருக்காது.

அதற்காக உண்மையை மழுப்பவும் இல்லை. சினா என்பது ஆர்டிமீசியா சினா என்ற செடியின் பூமொட்டு. அதில் உள்ள சாண்டோனின் என்ற பொருளை ஒரு காலத்தில் உருண்டைப்புழுவுக்கு மருந்தாகவே கொடுத்தார்கள். நச்சுத்தன்மையால் அது வழக்கொழிந்தது. ஆனால் சினா 30 என்றால் ஒன்றுக்கு நூறு என்ற கணக்கில் முப்பது முறை நீர்த்தது, அதாவது ஒன்றுக்குப் பின்னால் அறுபது சுழி. பன்னிரண்டாவது முறையைத் தாண்டும்போதே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறாவது மிஞ்சும் வாய்ப்பு போய்விடுகிறது. கையில் இருப்பது சர்க்கரை உருண்டை. நான்கு உருண்டைச் சர்க்கரையால் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை, அதனால் ஜியார்டியாவுக்கும் கெடுதல் இல்லை.

ஆய்வுகளையும் பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் எதிர்த்தரப்பில் அவற்றை எடுத்துக்காட்டுவார்கள். குழந்தைகளின் திடீர் வயிற்றுப்போக்குக்கு ஹோமியோபதி உதவியதாக 1994-ல் வெளியான நிகராகுவா ஆய்வு 81 குழந்தைகளைக் கொண்டது. அதே குழுவைச் சேர்ந்தவர்கள் பல ஹோமியோபதி மருந்துகளைச் சேர்த்த கூட்டு மாத்திரை ஒன்றை வைத்து ஹோண்டுராஸில் 292 குழந்தைகளிடம் செய்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில் மருந்தே இல்லாத வெறும் மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டிலுமே எல்லாக் குழந்தைகளுக்கும் உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுக்கப்பட்டது. ஹோமியோபதி நம்பகமாக வேலை செய்கிறது என்று காட்ட எந்த நோய்க்கும் தக்க ஆதாரம் இல்லை என்று ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2015-ல் முடிவுக்கு வந்தது. இந்தியாவில் இது சட்டப்படி அங்கீகாரம் பெற்ற முறை. 2020-ல் அதற்கென்று தனி ஆணையச் சட்டமே வந்தது. சட்ட அங்கீகாரம் வேறு, ஒட்டுண்ணியைக் கொல்வது வேறு.

ஆயாவிடம் சொன்னது இதைவிடச் சுருக்கம்: “ஆயா, உருண்டையை நீங்க கொடுத்துக்கங்க. ஆனா மூணு விஷயம். நான் தர்ற மருந்தை ஒரு வேளைகூட விடக் கூடாது. எடை குறைஞ்சா அது மருந்து வேலை செய்யறதுன்னு எடுத்துக்கக் கூடாது. ரத்தம் போனாலோ, ஆறு மணி நேரம் மூத்திரம் போகலைன்னாலோ, பிள்ளை சோர்ந்து கெடந்தாலோ நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்.” அம்மாவின் சம்மதத்தோடு ஹோமியோபதி மருத்துவருக்கும் தொலைபேசியில் தகவல் போனது. அவர் மறுக்கவில்லை, ஆயாவிடம் தானும் சொல்வதாகச் சொன்னார், சொன்னார் என்பது பிறகு தெரிந்தது.

மூன்று மாதிரிகளும் முதல் மருந்துச் சுற்றும்

நாற்பதாம் நாள் மாதிரியில் எதுவும் இல்லை. நாற்பத்திரண்டாம் நாளும் இல்லை. ஆயாவின் முகத்தில் ‘நான் அப்பவே சொன்னேனே’ என்பது தெரிந்தது. நாற்பத்துநான்காம் நாள், உப்புக் கரைசல் துளியில், பாதியாக அறுத்த பேரிக்காய் போன்ற உருவங்கள் உதிரும் இலை மாதிரி புரண்டு புரண்டு நகர்ந்தன. பக்கத்துத் துளியில் அயோடின் விட்டதும் முட்டை வடிவ உறைகள், உள்ளே நான்கு கருக்களோடு, மஞ்சள் பழுப்பில் தெளிந்தன. ஆய்வக நுட்புநர் ஆயாவைக் கூப்பிட்டு நுண்ணோக்கியில் காட்டினார். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு ஆயா வெகுநேரம் பார்த்தார். “இது உசிரோட இருக்குதா?” என்று கேட்டார். இரண்டு நாள் பேச்சில் நடக்காதது அங்கே நடந்தது.

மெட்ரோனிடசோல் திரவம், கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை, ஐந்து நாள். 13.1 கிலோவுக்கு வேளைக்கு 65 மில்லிகிராம். 5 மில்லியில் 200 மில்லிகிராம் உள்ள திரவத்தில் அது 1.6 மில்லி. ஊசி இல்லாத சிரிஞ்சில் கோடு போட்டுக் கொடுக்கப்பட்டது. (எடைக்கும் வயதுக்கும் ஏற்ப மருத்துவர் எழுத வேண்டிய அளவு இது. வேறு பிள்ளைக்கு அப்படியே பொருந்தாது.)

மருந்து பயங்கரக் கசப்பு, வாயில் இரும்புச் சுவை நிற்கும். பிள்ளை துப்பியது. மூன்றாம் நாள் காலை மலம் இறுகியதும், பிள்ளையை அழவைக்க மனமில்லாமல் ஆயா நிறுத்திவிட்டார். பதினைந்து வேளையில் உள்ளே போனது ஏழு. இதில் ஆயாவைக் குறை சொல்வதற்கில்லை. கசக்கும் என்று முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை. துப்பினால் என்ன செய்வது, எத்தனை நிமிடத்துக்குள் துப்பினால் மறுபடி கொடுப்பது என்றும் சொல்லவில்லை. வேளைக்கு ஒரு கட்டம் அடிக்கும் சீட்டும் கொடுக்கவில்லை.

ஐம்பத்தெட்டாம் நாள் எல்லாம் திரும்பியது. அறுபதாம் நாள் மாதிரியில் ஜியார்டியா இருந்தது. இந்த முறை தம்பியின் மாதிரியும் பார்க்கப்பட்டது; அவனுக்கும் இருந்தது. அவனுக்கு அவ்வப்போது இளகிப் போனதை “பல்லு முளைக்கிற நேரம்” என்று விட்டிருந்தார்கள்.

வீட்டில் பார்த்தது

அறுபத்தோராம் நாள் சுகாதாரச் செவிலியர் வீட்டுக்குப் போனார்.

சம்ப்பின் சிமெண்ட் மூடி ஒரு மூலையில் உடைந்து, அதன் மேல் கோணி போர்த்தியிருந்தது. மழையில் தெருத் தண்ணீர் நேராக உள்ளே இறங்கியிருக்கும். அடிபம்பு குழாயோடு இணைக்கப்பட்டிருந்தது. தண்ணீர் வராத நேரத்தில் அடிபம்பு அடித்தாலோ மோட்டார் போட்டாலோ குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகும். பக்கத்தில் கழிவுநீர் ஓடி, குழாயில் விரிசலும் இருந்தால், அந்தக் கழிவு உள்ளே உறிஞ்சப்படும். குளோரின் வாசனை வரும் தண்ணீர் என்றால் பயமில்லை என்று காம்பவுண்டில் பலரும் நம்பினார்கள். குடிநீரில் வழக்கமாகப் போடும் குளோரின் பாக்டீரியாவைக் கொல்லும். ஜியார்டியாவின் உறை அதைத் தாங்கி நிற்கும். படிகாரம் கலங்கலைத் தெளியவைக்கும், அவ்வளவே. பத்து உறை உள்ளே போனாலே தொற்றுக்குப் போதும்.

கொதிக்கவைத்த தண்ணீரைத்தான் கொடுக்கிறோம் என்று ஆயா உறுதியாகச் சொல்லியிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. செவிலியர் நின்று பார்த்தபோது பாத்திரத்தின் அடியில் சின்னக் குமிழி வந்ததும் அடுப்பு அணைந்தது. பிறகு சூடு தாங்காது என்று டிரம்மிலிருந்து அரைச் சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றி விளாவினார். குளிக்க விளாவுவது போல, குடிக்கவும் விளாவியிருக்கிறார், இரண்டு மாதமாக. அந்தச் சொம்பைப் பிடித்த கைதான் சற்று முன் தம்பியைக் கழுவிவிட்டிருந்தது. கழுவியபின் தண்ணீரில் அலசினார், சோப்பு போடவில்லை. சொம்பைப் பிடித்த கை விரல் கணு வரை டிரம் தண்ணீரில் அமிழ்ந்தது.

அன்றே செய்தவை: நன்றாகக் கொப்பளித்துப் புரண்டபின் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, மூடிய பாத்திரத்திலேயே ஆறவிடுவது. இரவு படுக்குமுன் கொதிக்கவைத்தால் காலைக்குள் ஆறிவிடும், விளாவ வேண்டிய தேவையே வராது. குடிநீருக்குக் குழாய் வைத்த எவர்சில்வர் டிரம். அதுவரைக்கும் மொள்ள நீளக் கைப்பிடி வைத்த குவளை. கழிவறை வாசலில் கயிற்றில் கட்டிய சோப்பு. கை சுத்திகரிப்பான் போதாதா என்று அப்பா கேட்டார். ஜியார்டியா உறைக்கு அது சரிப்படாது, சோப்பு போட்டுத் தேய்த்து ஓடும் தண்ணீரில் அலசினால்தான் போகும். சம்ப் மூடியை வீட்டு உரிமையாளர் மாற்றுவதற்கு மேலும் மூன்று வாரம் ஆனது, அதுவும் ஆறு குடித்தனமும் சேர்ந்து கேட்ட பிறகு.

இரண்டாம் சுற்றும் பால் பிரச்சினையும்

நிட்டாசாக்ஸனைடு திரவம் தேர்வானது. மூன்று நாள்தான், நாளுக்கு இரண்டு வேளைதான், சாப்பாட்டோடு கொடுக்கலாம், கசப்பு குறைவு. ஏழு வேளையில் நின்றுபோன குடும்பத்துக்கு ஆறு வேளை என்பது பெரிய சலுகை. அக்காவுக்கு வேளைக்கு 200 மில்லிகிராம், தம்பிக்கு 100. இருவருக்கும் ஒரே நாளில் தொடங்கியது. ஆறு கட்டமும் அடிக்கப்பட்டு வந்தன.

எழுபதாம் நாள் ஆயா கோபமாக வந்தார். மருந்து முழுக்கக் கொடுத்தும் பிள்ளைக்குப் போகிறது. சினாவுக்கே திரும்புகிறேன் என்றார். எப்போது போகிறது என்று மணி வாரியாகக் கேட்டபோது, காலைப் பாலுக்குப் பின் ஒரு மணி நேரத்திலும் மாலைப் பாலுக்குப் பின்னும் மட்டுமே என்று தெரிந்தது. நீர்த்த மலம், நுரை, வயிற்றில் சத்தம், ஆசனவாய்ச் சிவப்பு. எண்ணெய்ப் பசை இல்லை, அழுகிய நாற்றம் இல்லை. இரண்டு மாதிரியில் ஒட்டுண்ணியும் இல்லை. ஜியார்டியா சிறுகுடல் சுவரைச் சிதைத்ததில் பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி குறைந்துபோகும். தொற்று போன பிறகும் சில வாரம் அது திரும்பாது. இந்த இடத்தில் மறுபடி ஒட்டுண்ணி மருந்து எழுதுவது வழக்கமாக நடக்கும் தவறு.

பால் நான்கு வாரம் நிறுத்தப்பட்டது. தயிரும் மோரும் தொடர்ந்தன, புளிக்கும்போது லாக்டோஸ் குறைவதால் அவை ஒத்துக்கொண்டன. மூன்றாம் நாளே மலம் கட்டியது. நான்கு வாரத்துக்குப் பின் கால் டம்ளரிலிருந்து பால் மெல்லத் திரும்பியது. இரத்தசோகைக்கான இரும்புச்சத்துத் திரவமும் போக்கு அடங்கிய பிறகே தொடங்கியது.

அறுபதாம் நாள் 13.4 கிலோ. நூற்று முப்பதாம் நாள் 14.8.

மாற்றியவை

ஒரு மாதிரி ‘இல்லை’ என்று வந்தால் அந்தத் தாளிலேயே ‘ஒரே மாதிரி, இன்னும் இரண்டு தேவை’ என்று முத்திரை குத்தித் தரப்படுகிறது. மாதிரி எடுத்த நேரமும் வந்து சேர்ந்த நேரமும் எழுதப்படுகின்றன. ஐந்து மணி நேரம் பழைய மாதிரி என்றால் அது முடிவுக்குப் பக்கத்திலேயே தெரியும்.

கசப்பு மருந்து எழுதும்போது முதல் வேளை நிலையத்திலேயே கொடுத்துக் காட்டப்படுகிறது. கன்னத்தின் உட்பக்கம் சிரிஞ்சை வைத்து மெல்ல விடுவது, அதன் மேல் ஒரு ஸ்பூன் வாழைப்பழம் மசித்துக் கொடுப்பது, பத்து நிமிடத்துக்குள் வாந்தி எடுத்தால் திரும்பக் கொடுப்பது எல்லாம் அங்கேயே காட்டப்படும்.

நீடித்த போக்கு என்று வரும் எந்தக் குழந்தைக்கும், வேறு முறை மருந்து ஏதாவது நடக்கிறதா என்று கடிந்துகொள்ளாமல் முதல் நாளே கேட்கப்படுகிறது. அதைத் தருபவர் பதிவு பெற்றவராக இருந்தால் அவருக்கு ஒரு வரி எழுதி அனுப்பப்படுகிறது: இரண்டு வாரத்துக்கு மேல் போனாலோ எடை குறைந்தாலோ அனுப்பிவிடுங்கள். கொருக்குப்பேட்டைச் சிறுமிக்கு அந்த வரி பதினைந்தாம் நாளே பொருந்தியிருக்கும்.

வீட்டுப் பார்வை மறுதொற்றுக்குப் பின் என்பதிலிருந்து, ஜியார்டியா உறுதியான அதே வாரம் என்று முன்னே நகர்ந்தது. செவிலியரின் கேள்வித்தாளில் ‘தண்ணீர் கொதிக்கவைக்கிறீர்களா’ என்ற கேள்வி எடுக்கப்பட்டு, அந்த இடத்தில் ‘கொதித்த தண்ணீரை எப்படி ஆற்றுகிறீர்கள்’ என்று எழுதப்பட்டிருக்கிறது.